நிரம்பிய கப்பலில் பிள்ளைகள்: கடலில் குடியிருந்த குடும்பங்களும் நமது கரையும்

முஸ்லிம்களின் கடல் வரலாறு தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. மரக்கலம், மரைக்காயர், முத்துக்குளிப்பு, போர்த்துக்கேயரோடு நடந்த கடற்போர் என்று தலைப்புகள் இருக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பேருவளை, கற்பிட்டி என்று ஊர்ப்பெயர்களும் வரிசையாக வருகின்றன. இவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கொரு கேள்வி எழுவதுண்டு. இந்த வரலாற்றில் வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆண்கள். மாலுமி, வணிகர், நாகுதா, படைத்தலைவர் என்று எவரை எடுத்தாலும் அப்படித்தான். அந்தக் கப்பல்களில் உம்மாமார் இருக்கவில்லையா? பிள்ளைகள் இருக்கவில்லையா? இருந்தார்கள் என்றால் அவர்கள் எங்கே உறங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் படித்தார்கள்?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் நமது கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நமது வீடுகள் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. ஆனால், நமது பிள்ளைகளுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சுவர் எழுந்துவிட்டது. அந்தச் சுவர் எப்படி எழுந்தது, அது பிள்ளைகளைக் காக்கிறதா என்பதைப் பேசுவதற்கு, கடலையே வீடாக்கிப் பிள்ளை வளர்த்த மனிதர்களின் வரலாறு உதவும் என்று நினைக்கிறேன்.

கப்பல்வாசிகள்

நமது வீடுகளில் மௌத்தானவர்களுக்காகவும் வியாழன் பின்னேரங்களிலும் ஓதப்படுகின்ற யாஸீன் சூராவின் 41 ஆவது வசனம், மனிதர்களின் சந்ததியை நிரம்பிய கப்பலில் சுமந்து சென்றதை இறைவனின் அத்தாட்சியாகச் சொல்கிறது. இங்கே வருகிற ‘துர்ரிய்யத்’ என்ற சொல்லுக்குப் பிள்ளைகள், வழித்தோன்றல்கள் என்பது நேர்ப்பொருள். நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் ஏறிய முன்னோரையே இது குறிக்கும் என்று கருதிய விரிவுரையாளர்களும் உள்ளனர். எப்படிப் பொருள் கொண்டாலும், கப்பலைச் சரக்கோடு சேர்த்து மட்டும் எண்ணாமல் குடும்பத்தோடும் தலைமுறையோடும் சேர்த்து எண்ணும் பார்வை அந்த வசனத்தில் இருக்கிறது.

இஸ்லாத்தின் முதல் ஹிஜ்ரத்தே கடல்வழியாகத்தான் நடந்தது என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. கி.பி. 615 அளவில் மக்காவின் கொடுமைக்குத் தப்பிய ஒரு சிறு கூட்டம் ஷுஐபாத் துறையில் கப்பலேறிச் செங்கடலைத் தாண்டி ஹபஷாவுக்குப் போனது. உஸ்மான் (ரலி) அவர்களோடு நபிகளாரின் மகள் ருகையா (ரலி) அவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்துச் சென்ற பெரிய கூட்டத்தில் ஜஃபர் (ரலி), அவர் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) ஆகியோர் இருந்தனர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் இப்பயணத்தையும் பாடியிருக்கிறார்.

பிள்ளைகள் வருவது திரும்பும் பயணத்தில். ஹபஷாவில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அஸ்மாவுக்கு அங்கே அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் என்ற மூன்று ஆண்பிள்ளைகள் பிறந்தனர். ஹாலித் பின் ஸயீத் (ரலி) அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஹிஜ்ரி 7 இல், கைபர் வெற்றியை ஒட்டி, இவர்கள் எல்லோரும் இரண்டு கப்பல்களில் அறபுக் கரைக்கு வந்துசேர்ந்தார்கள். மதீனாவில் இவர்களுக்கு ‘கப்பல்வாசிகள்’ என்றே பெயர் விழுந்தது. ஹிஜ்ரத்தில் நாங்கள்தாம் உங்களை முந்தினோம் என்று உமர் (ரலி) சொன்னபோது, அஸ்மா அதை விட்டுக்கொடுக்கவில்லை. நேரே நபிகளாரிடம் போய் முறையிட்டார். மற்றவர்களுக்கு ஒரு ஹிஜ்ரத், கப்பல்வாசிகளான உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்பது நபிகளார் (ஸல்) தந்த தீர்ப்பு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

ஹாலிதின் அந்தப் பெண்பிள்ளைதான் பின்னாளில் உம்மு ஹாலித் என்று அறியப்பட்டவர். கப்பலில் வந்த அந்தச் சிறுமிக்கு நபிகளார் தம் கையாலேயே ஒரு பூவேலைக் கறுப்பாடையை அணிவித்து, அழகாயிருக்கிறது என்று பொருள்படும் ஹபஷாச் சொல்லொன்றைச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பழகிய மொழியில் சொன்னார்கள் என்பது, மொழி கற்பிக்கும் எனக்கு மறக்காத இடம். பிள்ளை நபிகளாரின் முதுகிலிருந்த நுபுவ்வத் முத்திரையோடு விளையாட, வாப்பா அதட்ட, ‘விட்டுவிடுங்கள்’ என்று நபிகளார் தடுத்ததையும் புகாரி பதிவுசெய்கிறது. ‘கடலைக் கடந்து வந்த பிள்ளை’ என்று முஸ்லிம் வரலாற்றில் நாம் முதலாவதாகப் பெயர் சொல்லக்கூடியவர்களில் இந்தச் சிறுமியும் ஒருவர்.

மரத்தொட்டியில் இஞ்சி

செங்கடலைக் கடப்பது குறுகிய பயணம். கப்பலிலேயே குடும்பமாக வாழ்ந்ததற்கான தெளிவான பழைய சாட்சியை நமக்குத் தருபவர் இப்னு பதூதா. பாவா ஆதம் மலைக்குப் போனவர் என்ற அளவில் அவரை இலங்கையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், டில்லி சுல்தானின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்ட அவர், கோழிக்கோட்டில் காற்றுத் திரும்பும்வரை மூன்று மாதங்கள் காத்திருந்தார். அப்போது துறையில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. பெரிய கப்பலில் நான்கு தளங்கள். மூங்கிற் பட்டைகளைப் பாய்போலப் பின்னிய, மூன்று முதல் பன்னிரண்டு வரையான பாய்கள். மாலுமிகளும் வீரர்களுமாக ஆயிரம் பேர். பயணி தன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு மனைவியரோடு இருக்கலாம். அவர் கப்பலில் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாமலே போகும்.

இத்தனைக்கும் நடுவே பதூதா சொல்லிச் செல்லும் ஒரு சிறு விபரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாலுமிகளின் பிள்ளைகள் அந்தக் கப்பலிலேயே குடியிருந்தார்கள். மரத்தொட்டிகளில் கீரையும் மரக்கறியும் இஞ்சியும் பயிரிட்டார்கள். பல மாதங்கள் பச்சைக்காய் கிடைக்காத கடலில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இந்தத் தொட்டியின் பெறுமதியை அறிந்திருந்தார்கள் என்றே கொள்ளவேண்டும். கடலில் பிள்ளை வளர்ப்பது துணிச்சலால் மட்டும் ஆகிற காரியமில்லை. முன்கூட்டிய ஏற்பாட்டால் ஆகிற காரியம்.

அதே கோழிக்கோட்டில் மறுபக்கமும் நடந்தது. பெரிய கப்பலில் தமக்குக் கிடைத்த அறை போதாது என்று பதூதா தம் குடும்பத்தவரையும் பொருட்களையும் ‘ககம்’ என்ற சிறிய கப்பலுக்கு மாற்றினார். தாம் மட்டும் ஜும்ஆவுக்காகக் கரையில் நின்றார். இரவில் புயல் வந்தது. சுல்தானின் பரிசுகளை ஏற்றிய பெரிய கப்பல் உடைந்து அதிலிருந்தவர்கள் மாண்டார்கள். அதைக் கண்ட ககம் பாய்விரித்து ஓடிவிட்டது. அதில் அவருடைய கருவுற்ற அடிமைப்பெண் ஒருத்தி இருந்தாள். பின்னொருநாள் அவள் இறந்த செய்திதான் அவருக்குக் கிடைத்தது. அவளுடைய பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. தன் விருப்பமின்றிக் கடலில் ஏற்றப்பட்டவர்களின் வரலாறு இப்படித்தான் பெயரில்லாமல் போகிறது.

1344 இல் பதூதா இலங்கை வந்து, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, மலையேறி, மீண்டும் புத்தளத்திலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குக் கப்பலேறினார். கரையை நெருங்கும் நேரம் கப்பல் தரைதட்டிச் சிதையத் தொடங்கியது. மிதவை கட்டினார்கள். எல்லோருக்கும் அதில் இடமில்லை. அவரோடிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை மிதவையில் ஏற்றியபோது மற்றவள், தனக்கு நன்றாக நீந்தத் தெரியும், மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருகிறேன் என்று சொல்லிக் கடலில் இறங்கினாள். உலகம் சுற்றிய பதூதாவோ இரவு முழுவதும் கப்பலின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு உதவி வரும்வரை கிடந்தார். பதினான்காம் நூற்றாண்டில் நமது கடலில் நீந்தித் தப்பிய ஒரு பெண்ணைப் பற்றிய பதிவு நம்மிடம் இருக்கிறது. நமது பெண்பிள்ளைகளுக்கு இதை நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

படகே வீடாக

நமது வங்காள விரிகுடாவுக்குக் கிழக்கே, படகை நிரந்தர வீடாகக் கொண்ட சமூகங்கள் அண்மைக்காலம் வரை இருந்தன. அவற்றுள் இரண்டை இங்கே சொல்லவேண்டும்.

ஒன்று, சுலு கடலிலும் சபா, சுலவேசிக் கரைகளிலும் பரவியுள்ள பஜாவ் லாவுத் மக்கள். இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இவர்களுடைய படகின் பெயர் ‘லெப்பா’. நமது ஊர் லெப்பைக்கும் இதற்கும் தொடர்பேதுமில்லை! சமையல் அடுப்பு, உறங்கும் இடம், மீன்பிடிக் கருவிகள், கூரை எல்லாம் அந்த ஒரு படகில். பிள்ளை பிறப்பதும் வளர்வதும் அங்கேதான். இன்று இவர்களில் பலர் கரையோரத் தூண் வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். சபாவில் கணிசமானோருக்கு எந்த நாட்டின் பிரஜாவுரிமையும் இல்லை. ஆகவே, பிள்ளைகளுக்கு அரச பாடசாலையும் இல்லை. செம்போர்னா நகரில் ஆண்டுதோறும் அலங்கரித்த லெப்பாக்களின் விழா நடக்கிறது. படகைக் கொண்டாடும் ஊரில், படகில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பது கடினம். கடல்வாழ்க்கையை அழகாக வர்ணித்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மற்றது, மியன்மாரின் மெர்குயித் தீவுகளிலும் தாய்லாந்தின் சூரின் தீவுகளிலும் வாழும் மோக்கன் மக்கள். மழைக்காலத்தில் கரையில் குடிசை. மற்றக் காலம் முழுவதும் ‘கபாங்’ என்ற படகில் குடும்பத்தோடு அலைச்சல். முன்னர் இதற்குத் தாழையோலைப் பாய் கட்டினார்கள். இவர்களுடைய பிள்ளைகள் நீருக்கடியில் கண்ணைத் திறந்து சங்கும் கடலட்டையும் பொறுக்குவதைக் கண்ட சுவீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன், அவர்களுடைய பார்வையை அளந்தார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு தெளிவாக அவர்கள் நீருக்கடியில் பார்த்தார்கள் என்று 2003 இல் வெளியிட்டார். நீருக்குள் போனதும் கண்மணியைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கமே காரணம். பிறகு சுவீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கும் அது வந்தது. பரம்பரை இரத்தத்தில் வந்தது என்று நினைத்த திறமை, பழக்கத்தால் வந்தது என்று தெரிந்தது. ஆசிரியர் எவருக்கும் இது மகிழ்ச்சியான செய்தி.

நமது காலத்துப் பாய்ப்படகுக் குடும்பங்கள்

இக்காலத்தில் மேற்கு நாட்டவர்களில் சிலர் வீட்டை விற்று அல்லது வாடகைக்கு விட்டு, ஒரு பாய்ப்படகை வாங்கி, சிறுபிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் கடலில் வாழ்கிறார்கள். தாய்லாந்து, மலேசியாப் பக்கமிருந்து மேற்கே செல்லும் படகுகள் ஆண்டின் முதல் மாதங்களில் வாடைக்காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு வங்காள விரிகுடாவைக் கடக்கின்றன. காலியும் திருகோணமலையும் அவற்றுக்குத் தங்குமிடங்கள். நமது கரையில் தோணிகளைக் கரையேற்றி வைக்கின்ற அதே வாடைதான் அந்தப் படகுகளுக்கு வழித்துணை.

அப்படகுகளில் பிள்ளைகளுக்கென்று சில விதிகள் உண்டு. தளத்தைச் சுற்றி வலை கட்டியிருப்பார்கள். பிள்ளை மேலே வந்தால் மார்புப் பட்டி அணிந்து, படகில் இழுத்துக் கட்டிய கயிற்றில் அதைக் கொளுவியிருக்க வேண்டும். பெரியவர்கள் இரவு பகலாக முறைவைத்துக் காவல் இருப்பார்கள். குடிநீருக்குக் கணக்கு உண்டு. காலையில் பாடம், அஞ்சல்வழிக் கல்வி என்று முன்னர் இருந்தது இப்போது இணையவழியாகிவிட்டது. வரைபடம் பார்ப்பது, காற்றைக் குறித்துவைப்பது, கயிற்று முடிச்சு எல்லாம் பிள்ளைக்கும் பங்குள்ள வேலைகள். பதூதா கண்ட இஞ்சித் தொட்டிக்கும் இதற்கும் இடையில் ஆறரை நூற்றாண்டு இருந்தாலும் பாடம் ஒன்றுதான்.

இவ்வாறு சென்ற குடும்பங்களில் உலகம் அறிந்த ஒன்று நமது கிழக்குக் கரையோடு தொடர்புள்ளது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ‘சகாயிங்’ என்ற பிரித்தானியக் கப்பல் தீப்பற்றியது. முக்கால் நூற்றாண்டு கடலடியில் கிடந்த அதனை 2018 இல் இலங்கைக் கடற்படையினர் மிதக்கவைத்ததைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். அக்கப்பலில் பணிசெய்த இளைஞர்களில் ஒருவர் டூகல் ராபர்ட்சன் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். பின்னர் கடலை விட்டுப் பால்பண்ணை நடத்திய அவர், 1971 இல் ‘லூசெட்’ என்ற மரத்தாலான பாய்ப்படகில் மனைவி லின்னோடும் பிள்ளைகளோடும் உலகைச் சுற்றப் புறப்பட்டார். 1972 ஜூன் 15 இல் பசிபிக் சமுத்திரத்தில், கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே, திமிங்கில இனத்தைச் சேர்ந்த ஓர்காக்கள் மோதிப் படகு சில நிமிடங்களில் மூழ்கியது. இரட்டையர்களான இரு சிறுவர்கள் உட்பட ஆறு பேர், முதலில் ஒரு காற்று மிதவையிலும் அது பழுதான பின் ஒரு சிறு வள்ளத்திலும், 38 நாட்கள் மழைநீரைச் சேமித்தும் ஆமையும் மீனும் பிடித்தும் உயிர் தரித்தார்கள். இறுதியில் ஜப்பானிய மீன்பிடிக் கப்பலொன்று அவர்களைத் தூக்கியது. ஆறு பேரும் பிழைத்தார்கள்.

பிள்ளைகளைக் கொண்டு போனது சரியா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என்ன பதில் சொன்னாலும், அவர்கள் மீண்டு வந்ததற்கான காரணத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். தகப்பனுக்குக் கடல் தெரியும். தாய் தாதியாகப் பணியாற்றியவர். பிள்ளைகளுக்கு ஒன்றரை ஆண்டுப் பழக்கம் இருந்தது. எந்தப் பக்கம் மழையுண்டு, எந்தப் பக்கம் கப்பல் வரும் என்று கணக்கிட்டுத் திசை பிடித்தார்கள். அல்லாஹ்வின் நாட்டம் மனிதனின் அறிவு வழியாகவும் செயற்படும்.

நமது கரை ஏன் வேறு?

இனி நமது கரைக்கு வருவோம். காயலுக்கும் கீழக்கரைக்கும் இருந்ததுபோல் குடும்பமாகக் கப்பலேறும் மரபு அம்பாறைக் கரையில் ஏன் வலுப்பெறவில்லை? முதற்காரணம் இயற்கை. திருகோணமலைக்குத் தெற்கே ஒதுங்கிநிற்கப் பெரிய இயற்கைத் துறைமுகம் நமக்கில்லை. திறந்த கரை, அலை நேரே வந்து மணலில் உடையும். இங்கே பொருந்துவது கரைவலையும் மணலில் இழுத்தேற்றக்கூடிய தோணியும்தான். 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாய் மணலால் தூர்ந்ததும், அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதும் இந்தக் கரையின் சுபாவத்தை மறுபடி நமக்குக் காட்டின.

இரண்டாவது காரணம் மண். நமது குடிகளின் செல்வம் வயல். அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறைப் போடிமாரின் பெருமை ஏக்கரில் அளக்கப்பட்டது; படகில் அளக்கப்படவில்லை. கடற்றொழில் செய்தவரை ஒருபடி கீழே வைத்துப் பார்த்த மனநிலையும் இருந்தது. இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. அதனால் கடலறிவு ஊரின் பொது அறிவாகாமல் சில குடும்பங்களின் தொழிலறிவாகச் சுருங்கியது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளின் பெயர்களை நான் வகுப்பில் கேட்டால், கடற்தொழிலாளியின் பிள்ளைதான் விடை சொல்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் வறுத்த கடலை.

மூன்றாவது, அச்சம். ‘கடலுக்க எறங்கிராத மனே, அல இழுத்துப் போட்டிரும்’ என்று சொல்லாத உம்மா நமது ஊர்களில் இல்லை. அது அன்பின் பேச்சு. ஆனால், இறங்காதே என்று சொன்ன நாம், இறங்க நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்ததில்லை.

இலங்கை முஸ்லிம் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கடலேறிய சந்தர்ப்பம் ஒன்றும் நமது காலத்திலேயே நிகழ்ந்தது. அது எவரும் விரும்பிச் சென்ற பயணமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலான மன்னார்த் தீவின் ஊர்களைச் சேர்ந்தவர்கள் கடற்கரையில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். அங்கிருந்து படகுகளில் மழையிலும் காற்றிலும் கற்பிட்டிக்கு வந்தார்கள். கைக்குழந்தை கடலில் விழுந்து இறந்ததையும் அந்த வெளியேற்றம் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. பதூதாவின் நூலில் பெயரில்லாமல் போன பெண்ணைப்போல, இந்தக் குழந்தைகளும் நமது நூல்களில் பெயரில்லாமல் போய்விடக்கூடாது. அந்தப் படகுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நாற்பது வயதை எட்டியவர்கள். அவர்களுடைய வாய்மொழியைப் பதிவுசெய்வது நமது ஆய்வாளர்களுக்கு முன்னுள்ள அவசரமான வேலை.

2004 டிசம்பர் 26

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி நமது வாசகருக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறைதான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது மையவாடிகள் அதைச் சொல்லும். இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

அதே நாள், அதே அலை சூரின் தீவுக்கும் போனது. மோக்கன் குடியிருப்பு முற்றாக அழிந்தது. ஆனால், மக்கள் ஏறக்குறைய எல்லோரும் தப்பினார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் மனிதரை விழுங்கும் அலை வரும் என்பது அவர்களுடைய முன்னோர் கதை. உள்வாங்கியதைப் பார்த்ததும் முதியவர்கள் சத்தமிட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஆச்சே மாகாணத்தின் சிமெலுவே தீவு, முழுக்க முழுக்க முஸ்லிம் தீவு எனலாம். நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. 1907 இல் அங்கே ஓர் ஆழிப்பேரலை வந்து பலரைக் கொன்றது. அதற்கு அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் அதிர்ந்து கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004 இல் அத்தீவின் எழுபத்தெட்டாயிரம் அளவிலான மக்களில் அலையால் இறந்தவர்கள் ஏழு பேர். எச்சரிக்கை மணியோ தொலைபேசியோ அவர்களைக் காப்பாற்றவில்லை. மூத்தும்மா சொன்ன கதை காப்பாற்றியது.

இந்த ஒப்பீட்டை அளவறிந்து செய்யவேண்டும். சிமெலுவேயில் நிலம் அதிர்ந்தது, நமக்கு அதிரவில்லை. கிழக்கே கடல் முதலில் உள்வாங்கியது. நமது கரைக்கு முதலில் வந்தது உயர்ந்த நீர். ஆகவே, அவர்களுடைய கதை நம்மிடம் இருந்திருந்தாலும் முதல் அலையை முன்கூட்டிச் சொல்லியிராது. ஆனால், முதல் அலைக்குப் பின் கடல் வற்றியபோது வேடிக்கை பார்க்கவும் பொருள் எடுக்கவும் கரைக்குப் போனவர்கள் இருந்தார்கள். பெரிய அலை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில் ‘கடல் வத்தினா ஓடு’ என்ற ஒரு வார்த்தை ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்பது எவரையும் குறைசொல்வதற்காக அல்ல, அடுத்த தலைமுறைக்காக.

சுனாமிக்குப் பின்னர் நாம் செய்தது கடலிலிருந்து விலகியதுதான். வடக்கு கிழக்கில் முதலில் 200 மீற்றர் இடைவெளி விதிக்கப்பட்டது. வீடுகளைப் பின்னால் கட்டினோம். தேவையான விலகல்தான். ஆனால், அறிவிலும் சேர்ந்து விலகிவிட்டோம். கடலிலிருந்து இருநூறு முந்நூறு யார் தூரத்தில் வாழும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், நீந்தத் தெரிந்தவர் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால், நாலைந்து ஆண்பிள்ளைகளின் கைகள் உயரும். பெண்பிள்ளைகள் பக்கத்தில் ஒரு கையும் உயர்வதில்லை. கேள்வியைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். பதூதாவோடு வந்த பெண் கயிற்றைப் பிடித்து நீந்திய கதையைச் சொன்னால், சிரிப்பு நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

நமது பிள்ளைகளைப் பாய்ப்படகில் ஏற்றி உலகம் சுற்றச் சொல்வது என் நோக்கமல்ல. வயலும் சம்பளமும் கடனும் உள்ள குடும்பங்கள் நாம். ஆனால், கடலில் குடியிருந்தவர்களிடமிருந்து கரையில் குடியிருக்கிறவர்கள் எடுத்துக்கொள்ள மூன்று விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது நீச்சல். பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் பெயரில் வழங்கும் கூற்றை நாம் பயான்களில் கேட்கிறோம். கேட்டதோடு நிற்கிறோம். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர், மறைப்புள்ள இடம், பொருத்தமான ஆடை என்று ஏற்பாடு செய்வது நமது பள்ளிவாசல் சம்மேளனங்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் முடியாத காரியமில்லை. ஒரு கட்டிடத்துக்கு வர்ணம் பூசும் செலவில் ஒரு வருடத்துக்கான பயிற்சியைத் தொடங்கலாம்.

இரண்டாவது கடற்சொல். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், அலையின் வகை எல்லாம் நமது கடற்தொழிலாளர்களின் வாயில் இருக்கின்றன. அவர்கள் வகுப்பறைக்கு வளவாளராக வரட்டும். பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். ஒரு சொல் அழிந்தால் அதற்குள் இருந்த அறிவும் அழியும்.

மூன்றாவது கதை. ‘ஸ்மோங்’ போன்ற ஒரு சொல்லும் பாட்டும் நமக்கும் வேண்டும். நமது பெண்களின் தாலாட்டுக்கும் கவிக்கும் அந்த வலு இருக்கிறது. வருடந்தோறும் டிசம்பர் 26 இல் துஆவோடு கூடிய ஒன்றுகூடலை நடத்துகிறோம். அதில் அரை மணித்தியாலத்தை அலையின் நடத்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒதுக்கலாம்.

யாஸீன் சூரா கப்பலைச் சொன்ன கையோடு, அவன் நாடினால் மூழ்கடிப்பான், அப்போது கூக்குரலுக்கு உதவுவார் எவருமிலர், அவனுடைய அருள் இருந்தாலன்றி என்ற கருத்தையும் சொல்கிறது. கப்பலும் மூழ்குதலும் அடுத்தடுத்த வசனங்களில் இருக்கின்றன. தவக்குலுக்கு முன் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன நபிமொழியையும் இதோடு சேர்த்தே படிக்கவேண்டும். ஒட்டகமில்லாத நமது ஊரில் கட்டவேண்டியது கயிற்று முடிச்சு, கற்கவேண்டியது நீச்சல். பெரிய அலை மீண்டும் வராது என்று எவரும் நமக்கு உத்தரவாதம் தரவில்லை. வந்தால், நமது பிள்ளைகள் கடலைக் கேள்விப்பட்டவர்களாக மட்டும் இல்லாமல், அறிந்தவர்களாக இருக்கவேண்டும்.